பழகிய கை செய்யும் பிழை

எங்கே விமானம் விழுந்தாலும் அன்று மாலைத் தொலைக்காட்சி விவாதத்தில் ஓர் எண் தவறாமல் வந்துவிடும்: கேப்டன் எத்தனை மணி நேரம் பறந்தவர் என்பது. எண் சிறிதாக இருந்தால், ‘அனுபவம் போதாது’ என்பார்கள். பெரிதாக இருந்தால், ‘பழம் தின்று கொட்டை போட்டவர், அவரா இப்படிச் செய்வார்? இயந்திரத்தில்தான் கோளாறு’ என்பார்கள். இயந்திரத்தில் கோளாறு இல்லை என்று பின்னால் தெரியவந்தால், ‘அலட்சியம்’ என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிடுவார்கள். மூன்று தீர்ப்புகளுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான். பழக்கம் ஏற ஏறப் பாதுகாப்பும் ஏறும். ஒரு காரியத்தை ஆயிரம் தடவை சரியாகச் செய்தவர் அடுத்த தடவையும் சரியாகவே செய்வார். செய்யாவிட்டால் குறை அவரிடம்தான்.

இந்த நம்பிக்கை தவறு. ஆளைக் கொல்லும் தவறு. கற்றுக்குட்டி செய்கிற பிழைகள் ஒரு வகை. ஒரு வேலையைப் பல்லாயிரம் முறை சரியாகச் செய்து முடித்தவரால் மட்டுமே செய்ய முடிகிற பிழைகள் வேறொரு வகை. பயணிகள் விமானங்களின் விபத்து அறிக்கைகளைப் புரட்டினால் இந்த இரண்டாம் வகை திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே கை தானாகப் போகிறது, வாய் தானாகப் பதில் சொல்கிறது, கண் தான் எதிர்பார்த்ததையே பார்த்துவிடுகிறது.

கையிலிருந்து தொடங்கலாம். 2023 ஜனவரி 15, காட்மாண்டுவிலிருந்து பொக்காராவுக்கு யெட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72 விமானம். பொக்காராவின் புதிய விமான நிலையம் திறந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. இடது இருக்கையில் இருந்த கேப்டன் அந்தப் புதிய இடத்துக்குப் பழகிக்கொண்டிருந்தார், அவர்தான் ஓட்டினார். வலது இருக்கையில் அவருக்குப் பயிற்சி தரும் மூத்த கேப்டன். 21,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். தரையிறங்க நெருங்கும்போது இடது இருக்கையிலிருந்து ‘ஃபிளாப் 30’ என்று குரல் வருகிறது. வலது இருக்கையிலிருந்து ‘ஃபிளாப் 30’ என்று பதிலும் வருகிறது. கையும் நகர்கிறது. ஆனால் அந்தக் கை பிடித்தது, குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கையிலிருந்து இறக்கும் மடலான ஃபிளாப்பின் லீவரை அல்ல. பக்கத்திலிருந்த, ப்ரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் கண்டிஷன் லீவர்களை. இரண்டு ப்ரொப்பெல்லர்களின் தகடுகளும் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிவிட்டன. என்ஜின்கள் ஓடிக்கொண்டிருக்க, உந்துவிசை மட்டும் இல்லாமல் போயிற்று. ஃபிளாப் அசையவே இல்லை என்பது கருப்புப் பெட்டியின் பதிவில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் முக்கியம். இருவரும் தரையிறங்குவதற்கு முந்தைய செக்லிஸ்ட்டைப் படித்து முடித்தார்கள். ப்ரொப்பெல்லர் சுழற்சி விழுந்து கிடந்தது. அதைக் காட்டும் மானி கண்ணுக்கு எதிரே இருந்தது. பட்டியல் ஓடியது, யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஓட்டியவர் என்ஜினிலிருந்து சக்தி வரவில்லை என்று சொன்னார். லீவர் தவறாக நகர்ந்த சுமார் ஒரு நிமிடத்தில் விமானம் சேத்தி ஆற்றுப் பள்ளத்தாக்கில் விழுந்தது. 72 பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். அந்த மூத்த விமானி ஃபிளாப் லீவரை நகர்த்தியிருக்கக்கூடிய தடவைகளுக்குக் கணக்கே இருக்காது. அதனால்தான் அவர் கை கண்ணைத் துணைக்குக் கூப்பிடவில்லை. நூறு மணி நேரமே பறந்த ஒருவர் அந்த லீவரைத் தேடிப் பார்த்துத்தான் பிடித்திருப்பார்.

இப்படிச் சொன்னதும் வரும் முதல் பதில், ‘அதற்குத்தானே செக்லிஸ்ட் இருக்கிறது’ என்பது. கை தவறினாலும் பட்டியல் பிடித்துவிடும் என்ற நம்பிக்கை அது. பட்டியலுக்குப் பதில் சொல்வதும் பழக்கமாகிவிடும் என்பதை இந்த நம்பிக்கை கணக்கில் எடுப்பதில்லை.

1988 ஆகஸ்ட் 31 அன்று டல்லாஸில் டெல்டா நிறுவனத்தின் போயிங் 727 ஒன்று ஓடுபாதைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. காத்திருந்த நேரமெல்லாம் காக்பிட்டில் அரட்டை. பட்டியல் படிக்கும்போது ஃபிளாப் பற்றிய கேள்விக்குத் துணை விமானி ‘பதினைந்து, பதினைந்து, பச்சை விளக்கு’ என்று பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஃபிளாப் இறக்கப்படவே இல்லை. பச்சை விளக்கும் எரிந்திருக்க முடியாது. அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு நாளும் சொல்கிற பதிலை அன்றும் சொன்னார். புறப்பட்டதும் விமானம் விழுந்து 14 பேர் இறந்தார்கள்.

வாஷிங்டனில் 1982 ஜனவரி 13 அன்று நடந்தது இதைவிடக் கொடுமை. பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, விமான நிலையத்தையே சிறிது நேரம் மூடிவைத்திருந்தார்கள். ஏர் ஃபுளோரிடாவின் போயிங் 737 ஃபோர்ட் லாடர்டேலுக்குப் புறப்படத் தயாராகிறது. பட்டியலில் என்ஜினில் பனி உறையாமல் காக்கும் ‘ஆன்ட்டி-ஐஸ்’ வருகிறது. பதில்: ‘ஆஃப்’. வெயில் ஊர்களுக்கு இடையே பறந்து பழகிய குழுவுக்கு அந்தக் கேள்விக்கு அது ஒன்றே பதில். ஜன்னலுக்கு வெளியே பனி தெரிகிறது. இறக்கையில் பனி இருப்பதைப் பற்றி அவர்களே பேசியிருக்கிறார்கள். ஆனாலும் வாய் பழைய பதிலைச் சொல்லிவிட்டது. என்ஜினின் உணர்கருவியைப் பனி அடைத்தது. உண்மையில் இருந்த உந்துவிசையைவிட அதிகமாக மானி காட்டியது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது துணை விமானி ‘இது சரியில்லை’ என்று ஒரு தடவைக்கு மேல் சொன்னார்; கேப்டன் சரியாகத்தான் இருக்கிறது என்றார். விமானம் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி, உறைந்த ஆற்றில் விழுந்தது. விமானத்தில் 74 பேரும் பாலத்தில் கார்களில் இருந்த 4 பேரும் மாண்டார்கள்.

இந்தப் பதில்களைக் கேட்ட பிறகும் ‘பட்டியல் இருக்கிறது, போதும்’ என்று ஒருவர் சொன்னால், அவர் காகிதத்தை நம்புகிறார் என்றுதான் பொருள்.

இரண்டாவது பதில், ‘மனிதன் தவறினால் இயந்திரம் எச்சரிக்கும்’ என்பது. மாட்ரிட்டில் 2008 ஆகஸ்ட் 20 அன்று நடந்ததைப் படிக்க வேண்டும். ஸ்பான்ஏர் நிறுவனத்தின் எம்டி-82, கிரான் கனாரியா தீவுக்குப் போக வேண்டியது. முதல் தடவை ஓடுபாதை வரை போனபோது ஒரு வெப்பநிலை உணர்கருவி அளவுக்கு மீறிச் சூடாவது தெரிந்து திரும்பி வந்தது. மெக்கானிக்குகள் அந்தக் கருவியின் சூடாக்கிக்கான மின்சாரத்தை நிறுத்தி அனுப்பினார்கள். நேரம் கடந்துவிட்டது, ஆகஸ்ட் வெயில், மறுபடியும் முதலிலிருந்து எல்லாம். என்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு படிக்கும் பட்டியலில் ஃபிளாப் என்ற வரி வருவதற்குச் சற்று முன்னால், டவரிடம் நகர அனுமதி கேட்கச் சொல்லிக் கேப்டன் குறுக்கிட்டார். அந்த வரி விட்டுப்போனது. அடுத்த பட்டியலிலும் பிடிபடவில்லை. புறப்படுவதற்கு முன் படிக்கும் கடைசிப் பட்டியலில், ஃபிளாப்புக்குரிய ‘பதினொன்று’ என்ற எண்ணைத் துணை விமானி ஒப்பித்திருக்கிறார். ஃபிளாப் பூஜ்யத்தில் இருந்தது. தவறான நிலையில் வேகமெடுத்தால் அலற வேண்டிய எச்சரிக்கைக் கருவியும் அலறவில்லை. புறப்பட்டதும் விமானம் விழுந்து, அதிலிருந்த 172 பேரில் 154 பேர் இறந்தார்கள்.

இதே வகை விமானம், இதே விட்டுப்போன ஃபிளாப், இதே ஊமையான எச்சரிக்கைக் கருவி என்று 21 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விபத்து நடந்திருந்தது. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட்டில் நார்த்வெஸ்ட் விமானம் விழுந்து 156 பேர் இறந்தார்கள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது ஒரு நான்கு வயதுக் குழந்தை மட்டும். அதன் பிறகு அந்த எச்சரிக்கைக் கருவியை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் சோதிக்கும்படி தயாரிப்பு நிறுவனம் எல்லோருக்கும் பரிந்துரை அனுப்பியது. ஸ்பான்ஏரின் நடைமுறையில் அன்றைய முதல் பயணத்துக்கு முன்னாலும் குழு மாறும்போதும் சோதித்தால் போதும் என்றுதான் இருந்தது. ஒரு நிறுவனத்துக்கும் பழக்கம் உண்டு. இத்தனை ஆண்டுகளாக எதுவும் ஆகவில்லை என்பதே அதற்கு ஆதாரமாகிவிடுகிறது.

அலறினாலும் காது என்ன கேட்கிறது என்பது தனிக் கேள்வி. சைப்ரஸின் ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 ஒன்று 2005 ஆகஸ்ட் 14 அன்று லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பியது. முந்தைய இரவு பராமரிப்புச் சோதனைக்காகக் காற்றழுத்தச் சுவிட்சை ‘மேனுவல்’ நிலைக்குத் திருப்பியிருந்தார்கள். அது அங்கேயே இருந்துவிட்டது. எப்போதும் ‘ஆட்டோ’வில் இருக்கிற சுவிட்ச் அது. புறப்படுவதற்கு முன்னும் பின்னுமாக அதைச் சரிபார்க்க மூன்று வாய்ப்புகள் இருந்தன, மூன்றும் போயின. மேலே ஏறும்போது எச்சரிக்கை ஒலி கேட்டது. அந்த வகை விமானத்தில் அதே ஒலிதான் தரையில் புறப்படும் நிலை சரியில்லை என்பதற்கும் ஒலிக்கும். விமானிகள் பழகிய பொருளையே எடுத்துக்கொண்டார்கள். வானத்தில் அந்த எச்சரிக்கைக்கு இடமே இல்லை என்பது, ஆக்ஸிஜன் குறைந்துகொண்டிருந்த மூளைக்கு எட்டவில்லை. எரிபொருள் தீரும் வரை விமானம் தானாகப் பறந்து ஏதென்ஸுக்கு அருகே மலையில் விழுந்தது. 121 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டில் இதன் நிழல் விழுந்தது 2018 செப்டம்பர் 20 அன்று. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் பயணிகளுக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்தது. கேபினுக்குள் காற்றழுத்தம் தரும் சுவிட்சைப் போடாமலேயே ஏறியிருந்தார்கள். விமானம் மும்பைக்கே திரும்பியதால் உயிர் போகவில்லை. விமானிகளைப் பணியிலிருந்து நிறுத்தியதாகச் செய்தி வந்தது. ஊர் அதோடு திருப்தியடைந்தது. தினமும் போடும் சுவிட்சை அன்று மட்டும் கை ஏன் தாண்டிப் போனது? பட்டியல் ஏன் பிடிக்கவில்லை? அந்தக் கேள்விகள் ஒரு நாள் செய்திக்குள் அடங்கவில்லை.

எதிர்பார்ப்பு கண்ணை எப்படி ஏமாற்றும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோ சான்று. 2017 ஜூலை 7, நள்ளிரவு நெருங்கும் நேரம். அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள். அன்றிரவு இடதுபுறத்து ஓடுபாதையை மூடி விளக்கை அணைத்திருந்தார்கள். அந்த அறிவிப்பு விமானிகளின் காகிதக் கட்டுக்குள் இருந்தது. இறங்கி வந்த ஏர் கனடா விமானிகள் வழக்கம்போல இரண்டு ஓடுபாதைகளை எதிர்பார்த்தார்கள். இரண்டு விளக்கு வரிசைகளும் தெரிந்தன. இடது வரிசை உண்மையில் அவர்கள் இறங்க வேண்டிய ஓடுபாதை. அவர்கள் குறிவைத்த வலது வரிசை, விமானங்கள் ஓடுபாதைக்கு நகர்ந்து செல்லும் டாக்ஸிவே. அதில் நான்கு விமானங்கள் நிறைய ஆட்களோடு புறப்படக் காத்திருந்தன. ஓடுபாதையில் விளக்குகள் தெரிகிறதே என்று டவரிடம் ஒரு தடவை கேட்கவும் செய்தார்கள். ஓடுபாதையில் யாரும் இல்லை என்று டவர் சொன்னது. அது உண்மைதான், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஓடுபாதை இல்லை. தரையிலிருந்து சுமார் 60 அடி உயரத்துக்கு வந்த பிறகுதான் விமானம் மறுபடி மேலெழுந்தது. மேலெழாமல் இருந்திருந்தால் அடுத்த சில நொடிகளில் வரலாற்றின் மிகப் பெரிய விமான விபத்து நடந்திருக்கக்கூடும்.

இப்போது அந்த இடம் டெனரிஃபுக்கு உரியது. 1977 மார்ச் 27 அன்று மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி வராமலேயே வேகமெடுத்தது கேஎல்எம் விமானம். அதன் கேப்டன் அந்த நிறுவனத்தின் 747 பயிற்சிக்கே தலைவர். பல ஆண்டுகள் சிமுலேட்டரில் மற்றவர்களைப் பழக்கியவர். அங்கே டவரும் பயிற்சியாளர்தான், அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகு பின்னிருக்கையிலிருந்து ஃபிளைட் என்ஜினியர், அந்தப் பான் அமெரிக்கன் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று அழுத்தமாகப் பதில் வந்தது. சரியான கேள்வி கேட்கப்பட்டது. சரியான நேரத்தில் கேட்கப்பட்டது. எதிர்பார்ப்பு இறுகிப்போன மனத்தில் அது ஏறவில்லை. அனுபவ மணிகளை அடுக்கினால் பாதுகாப்பு வந்துவிடும் என்பவர்கள் இந்தக் கேப்டனை எங்கே வைப்பார்கள்?

அவர்கள் ஹட்சன் ஆற்றைக் காட்டுவார்கள். 2009 ஜனவரி 15 அன்று இரண்டு என்ஜின்களும் பறவைகள் மோதி நின்றுபோன ஏர்பஸ்ஸை நியூயார்க்கில் ஆற்றின் மேல் இறக்கி 155 பேரையும் காப்பாற்றினார் கேப்டன் சல்லன்பெர்கர். 19,000 மணி நேரத்துக்கும் மேல் பறந்தவர். வாதத்துக்கு வலுவான சான்றுதான், அதனால் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பட்டியலில் பிறகு வர வேண்டிய துணை மின் இயந்திரத்தை அவர் உடனே, தாமாகவே இயக்கினார். கையிலிருந்த செக்லிஸ்ட் 20,000 அடிக்கு மேல் என்ஜின் நின்றால் என்ன செய்வது என்று எழுதப்பட்டது. அதை முடிக்கவே நேரமில்லை. புறப்பட்ட விமான நிலையத்துக்குத் திரும்பு என்பதுதான் எந்த விமானியின் பழக்கமும். கட்டுப்பாட்டு அறையும் அதையே நீட்டியது. முடியாது என்று அவர் முடிவெடுத்தார். பக்கத்தில் பட்டியலைக் கையாண்ட துணை விமானி ஜெஃப் ஸ்கைல்ஸ் அந்த ரக விமானத்துக்கான பயிற்சியை அப்போதுதான் முடித்துவிட்டு வந்தவர். அன்று காப்பாற்றியது திறமை, சந்தேகமே இல்லை. வழக்கத்தை விட்டு விலகி, எதிரே இருப்பதைப் புதிதாகப் பார்த்த திறமை. திறமையையும் பழக்கத்தையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் பொது நம்பிக்கையின் தவறு முழுவதும் இருக்கிறது.

இன்னும் மிச்சம் இருப்பது ‘அலட்சியம்’ என்ற குற்றச்சாட்டு. அதை நாசாவின் ஆராய்ச்சியாளர் கீ டிஸ்முக்ஸும் அவருடைய சகாக்களும் தங்கள் ஆய்வில் உடைத்துவிட்டார்கள். அமெரிக்க விமான நிறுவனங்களில் 1991 முதல் 2000 வரை விமானி தவறு என்று முடிவான 19 விபத்துகளை எடுத்து, அதே நிலையில் அதே தகவலோடு இருந்தால் நல்ல விமானிகளும் தவறியிருப்பார்கள் என்று காட்டினார்கள். பிறகு டிஸ்முக்ஸும் பென் பெர்மனும் சாதாரணமாகப் பறந்து பத்திரமாக இறங்கிய 60 பயணங்களைக் காக்பிட்டில் உட்கார்ந்து கவனித்தார்கள். செக்லிஸ்ட்டிலும் கண்காணிப்பிலும் அடிப்படை நடைமுறைகளிலும் 899 விலகல்களைக் குறித்தார்கள். அந்தக் குழுக்கள் அத்தனையும் பொறுப்பில்லாதவையா? பார்க்காமல் பதில் சொல்வது ஒருவருடைய குணக்கேடு இல்லை. ஒரே கேள்விக்கு ஒரே பதில் ஆயிரக்கணக்கான முறை சரியாக இருந்துவிட்டால் எந்த மூளையும் பார்ப்பதை நிறுத்திவிடும். விமானியைத் தண்டித்து அந்த மூளையை மாற்ற முடியாது. அடுத்த விமானி தன் தவறை மறைக்கப் பழகுவார், அவ்வளவுதான்.

பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே ஓர் உதாரணம், இது பயணிகள் நிறுவனம் அல்ல, ஒரு தனியார் ஜெட். 2014 மே 31 அன்று அமெரிக்காவின் பெட்ஃபோர்டில் கல்ஃப்ஸ்ட்ரீம் விமானம் ஒன்று ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்து ஏழு பேர் இறந்தார்கள். நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க இறக்கை, வால் பகுதிகளைப் பூட்டிவைக்கும் பூட்டை எடுக்காமலேயே கிளம்பியிருந்தார்கள். ஸ்டியரிங்கை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்க்கும் சோதனையைச் செய்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். விமானத்தின் பதிவுக் கருவியைத் திறந்து பார்த்தார்கள். முந்தைய 175 புறப்பாடுகளில் 98 சதவீதத்தில் அந்தச் சோதனை முழுமையாகச் செய்யப்படவே இல்லை. விமானிகள் இருவரும் பல ஆண்டுகள் சேர்ந்தே பறந்தவர்கள். 1935இல் போயிங்கின் 299 மாதிரி விமானம் இதே பூட்டை எடுக்காமல் கிளம்பி விழுந்ததால்தான் விமானிகளுக்கு செக்லிஸ்ட் என்ற ஒன்றே பரவலானது. எந்தப் பிழைக்காகப் பட்டியல் பிறந்ததோ அதே பிழை, பட்டியல் வந்து ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் கழித்து.

என்ன செய்யலாம் என்பது தெரியாத விஷயம் அல்ல. நம் ரயில்களில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கை காட்டி, வாய்விட்டுச் சொல்லி, ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்கிறார்கள். ஜப்பானிய ரயில்வேயில் இது இன்னும் கண்டிப்பு. அங்கே 1994இல் நடந்த ஒரு சோதனையில், விரல் நீட்டிச் சொல்லிச் செய்தபோது 100 செயல்களுக்கு 2.38ஆக இருந்த தவறு 0.38ஆகக் குறைந்தது. வாய் மட்டும் போதாது என்பதை டல்லாஸ் காட்டிவிட்டது. விரல் லீவரைத் தொட வேண்டும், கண் விரலோடு போக வேண்டும். பட்டியலின் நடுவே யாராவது குறுக்கிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்து படிக்க வேண்டும். பல நிறுவனங்கள் ஃபிளாப் இறக்குவதை நகரத் தொடங்குவதற்கு முன்பே முடித்துவிடுகின்றன. ஓடுபாதையைத் தேடும் அவசரத்தில் அது விழுந்துவிடாது. இவை எல்லாவற்றுக்கும் சில நிமிடங்கள் ஆகும். அரை மணி நேரத்தில் ஆளை இறக்கி ஆளை ஏற்றி அனுப்பத் துடிக்கும் நிறுவனங்கள் அந்த நிமிடங்களை விமானியின் கணக்கில் தாமதமாக எழுதக் கூடாது.

27,000 கிலோ எடைக்கு மேற்பட்ட பயணிகள் விமானங்களின் பதிவுகளைத் தொடர்ந்து ஆராய வேண்டும், அது தண்டிப்பதற்காக இருக்கக் கூடாது என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி. ஆனால் லீவர் எங்கே இருந்தது என்பதைப் பதிவுக் கருவி சொல்லும், விமானி அதைப் பார்த்தாரா என்பதைச் சொல்லாது. அதற்கு டிஸ்முக்ஸ் செய்ததைத்தான் செய்ய வேண்டும்: விபத்தே நடக்காத ஒரு சாதாரண நாளில், பயிற்சி பெற்ற ஒருவர் காக்பிட்டின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, பெயர் குறிக்காமல் எழுதிவர வேண்டும். இதற்கென்று வகுக்கப்பட்ட முறையைப் பல நாட்டு நிறுவனங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பின்பற்றுகின்றன. இந்திய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் இதை ஆண்டுதோறும் நடத்த வேண்டும். என்ன கண்டுபிடித்தோம், எந்த நடைமுறையை மாற்றினோம் என்பதைப் பயணிகள் படிக்கும்படி வெளியிட வேண்டும். அதில் எழுதிய எந்த வரியும் எந்த விமானியின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்கும் போகாது என்ற உறுதியை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் எழுத்தில் தர வேண்டும்.